மூணு பஸ் மாறினா ஒரு ‘மாயன்’ நகரம்!

‘‘மச்சி, சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது மாயன் சிட்டியைப் பார்த்துடணும்டா!’’

சிறுவாச்சூர் பஸ் ஸ்டாப் டீக்கடையில நம்ம தோஸ்த் இப்படி ஃபீல் பண்ணினது ஒரு வெள்ளிக்கிழமை. மதுரகாளியம்மன் கோயில் நடை வெள்ளியும் திங்களும்தான் திறக்கும்ங்கறதால, ஊரே மாவிளக்கும் தேங்காயுமா ஜேஜேன்னு இருந்தது. இவன் மட்டும் செல்போன்ல குவாத்தமாலா காட்டுக்குள்ள நிற்கிற திகால் கோபுரத்தைப் பார்த்து உருகிக்கிட்டு இருந்தான். அன்னிக்கே அவனுக்கு ‘மாயன்’னு பேர் வெச்சாச்சு. ஃப்ளைட் டிக்கெட் விலையைப் பார்த்ததும் பய டீயைக்கூட முழுசா குடிக்கலை.

அப்பதான் எங்க ஜூனியர் பொண்ணு வாயைத் திறந்தா. ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரி. ‘‘அண்ணா, எங்க ஊர்ப் பக்கமும் ஒரு நகரம் மண்ணுக்குள்ள கிடக்கு. எங்க தாத்தா வீட்டுத் திண்ணையே சோழர் செங்கல்தான். மூணு பஸ் மாறினா போதும். வர்றீங்களா?’’

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில நாங்க அஞ்சு பேர் கிளம்பிட்டோம். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம்... சிமென்ட் லாரி தூசியையும் முந்திரித் தோப்புகளையும் தாண்டி இறங்கினா, எதிர்ல கங்கைகொண்ட சோழபுரம் கோயில். 50 மீட்டருக்கு மேல உயரம். தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் விறைப்பா நிற்கும். இது மேலே போகப்போக உள்வாங்கி, ஒரு வளைவு வளைஞ்சு போகுது. 2004-ல யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியல்ல சேர்ந்த கோயில் இது.

‘‘சூப்பர்தான். ஆனா, இது கோயில். நகரம் எங்கே?’’ன்னான் மாயன்.

நியாயமான கேள்வி. கங்கை வரைக்கும் படையை அனுப்பி ஜெயிச்ச முதலாம் ராஜேந்திர சோழன், தஞ்சாவூரை விட்டுட்டு இங்கே புதுசா ஒரு தலைநகரத்தையே உருவாக்கினான். 1025 வாக்குல அவனோட கப்பல் படை கடாரம் வரைக்கும் போனது. 1033-ல சீனாவுக்குத் தூதுக்குழு போனது. 1279-ல சோழ ஆட்சி முடியுற வரைக்கும், கிட்டத்தட்ட 250 வருஷம் இதுதான் தலைநகரம். அரண்மனை, கோட்டை மதில், கடைவீதி, படைவீடுன்னு இருந்த அத்தனையும் எங்கே போச்சு?

கோயில்ல இருந்து சுமார் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு மாளிகைமேடு. பேர்லயே மாளிகை! 1980-கள்ல தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே தோண்டினப்ப, அரண்மனையோட செங்கல் அடித்தளம் கிடைச்சது. 2021-ல மறுபடியும் அகழாய்வு ஆரம்பிச்சாங்க. செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள்னு ஒவ்வொண்ணா வெளியே வந்தது. இந்தக் குக்கிராமத்துல சீனப் பீங்கானா? தூது போன நாடாச்சே, சரக்கு வராமலா இருக்கும்!

கோயில் நிற்குது, அரண்மனை மட்டும் ஏன் படுத்துடுச்சு? எங்க செட்டுல இருக்கற சிவில் இன்ஜினீயரிங் பார்ட்டி விளக்கம் கொடுத்தான். கோயில் கருங்கல். அரண்மனை செங்கல், மரம், ஓடு. 13-ம் நூற்றாண்டுல பாண்டியர் கை ஓங்கினதும் தலைநகரம் சரிஞ்சது. மரம் மக்கிப் போகும், செங்கல் அடுத்தவன் வீட்டுக்குப் போகும். மாயன் நகரங்கள்லயும் இதே கதைதான். கல் பிரமிட் தப்பிச்சது, ஜனங்க குடியிருந்த மரவீடும் கூரைவீடும் போயே போச்சு. 2018-ல விமானத்துல இருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி, குவாத்தமாலா காட்டுக்கு அடியில 60,000-க்கும் அதிகமான கட்டுமானங்களைக் கண்டுபிடிச்சாங்க. நம்ம ஊருக்கு லேசர்கூட வேணாம், பஸ் போர்டைப் படிச்சாலே போதும். ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், உட்கோட்டை, சுண்ணாம்புக்குழி, கடாரங்கொண்டான்... ஆயுதக் கிடங்கு, மெய்க்காவல் படை, கோட்டை, சுண்ணாம்பு எடுத்த இடம்னு நகரத்தோட மேப்பே ஊர்ப் பேர்கள்ல இருக்கு!

மதியம் ஜூனியரோட தாத்தா வீட்டுல சாப்பாடு. திண்ணையில அகலமா, தட்டையா, பழுப்புச் சிவப்புல செங்கற்கள். மாயனுக்கு முகம் மாறிடுச்சு.

‘‘என்ன தாத்தா இது... ஆயிரம் வருஷத்துச் செங்கல்லைப் பேர்த்து வீடு கட்டிட்டீங்களே!’’

தாத்தா கோபப்படலை. வெத்தலையை மென்னுக்கிட்டே சொன்னார். ‘‘தம்பி, 1836-ல கொள்ளிடத்துல கீழணை கட்டுறப்ப, கோயிலோட மதில் கல்லையே வெள்ளைக்காரன் பேர்த்து வண்டியில ஏத்திட்டுப் போனான். எங்க அப்பாரு காலத்துல ஏர் ஓட்டினாலே செங்கல்லு சிக்கும். மழையில கரையுற மண்சுவருக்கு அதை எடுத்து வெச்சோம். இது இன்னதுன்னு எங்களுக்கு அப்ப யாரும் சொல்லலை. நாங்க தெரியாம எடுத்தோம். நீ தெரிஞ்சே எடுத்திருக்கியே... சட்டைப் பையில என்னப்பா அது?’’

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாயன் பாக்கெட்டுல இருந்து தயங்கித் தயங்கி எடுத்தான். உள்ளங்கை அகலத்துல ஒரு பானை ஓடு. மேட்டு ஓரத்துல கிடந்ததாம். ‘ஞாபகார்த்தமா இருக்கட்டும்’னு பையில போட்டிருக்கான்.

‘‘எடுத்த இடம் ஞாபகம் இருக்கா?’’ - தாத்தா கேட்டது அது ஒண்ணுதான்.

சாப்பாட்டைப் பாதியிலேயே முடிச்சுட்டு மறுபடியும் மேட்டுக்கு ஓடினோம். வேலி ஓரமா? அந்த வேப்பமரத்துக்கிட்டயா? இருபது நிமிஷம் சுத்தியும் மாயனுக்குச் சரியான இடம் பிடிபடலை. கடைசியில விஷயத்தைச் சொல்லி, அங்கே காவலுக்கு இருந்தவர்கிட்ட ஓட்டைக் கொடுத்தான். அவர் வாங்கிக்கிட்டு, ‘‘ஓடு எங்கேயும் கிடைக்கும் தம்பி. அது கிடந்த இடம்தானே சேதி’’ன்னார்.

யோசிச்சுப் பார்த்தா உண்மைதான். எந்தச் சுவர் பக்கத்துல, எத்தனை அடி ஆழத்துல, எது கூட இருந்ததுங்கறதை வெச்சுத்தான் அது எந்தக் காலத்துது, சமையல்கட்டா, காவல்கூடமான்னு எல்லாம் ஆய்வாளர்கள் சொல்றாங்க. இடம் தொலைஞ்சா அது வெறும் ஓடுதான். பாக்கெட்டுக்குள்ள போன அந்த ரெண்டு மணி நேரத்துல, ஆயிரம் வருஷமா அது வெச்சிருந்த சேதியில ஒரு வரியை நாங்க அழிச்சுட்டோம்.

திரும்பி வர்ற பஸ்ல மாயன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அரியலூர் தாண்டினதும் மெதுவா ஆரம்பிச்சான். ‘‘மாயன் ஜனங்க மாயமா மறைஞ்சுட்டாங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன்டா. அப்படி இல்லையாம். குவாத்தமாலாவிலயும் மெக்சிகோவிலயும் இன்னிக்கும் லட்சக்கணக்கான பேர் மாயன் மொழிகளைப் பேசிக்கிட்டு, அந்தந்த ஊர்லயே இருக்காங்களாம். நம்ம தாத்தா மாதிரி.’’

‘‘அப்ப குவாத்தமாலா கேன்சலா?’’

‘‘சேச்சே, போவேன். ஆனா, பாக்கெட் இல்லாத சட்டை போட்டுக்கிட்டுத்தான்!’’

பஸ்ஸே திரும்பிப் பார்க்குற மாதிரி சிரிச்சோம்.

நீங்களும் கிளம்பறீங்களா? சில டிப்ஸ்:

* கோயில் நடை மதியம் 12 மணிக்குச் சாத்திடுவாங்க, சாயங்காலம்தான் திறப்பாங்க. முதல்ல கோயில், அப்புறம் மாளிகைமேடு.

* சண்டேசர் தலையில சிவன் மாலை சூட்டுற சிற்பத்தை மிஸ் பண்ணாதீங்க. அதுல இருக்கறது ராஜேந்திரனேதான்னு சொல்றவங்களும் உண்டு.

* ராஜேந்திரன் வெட்டின சோழகங்கம் ஏரியை இப்ப பொன்னேரின்னு சொல்றாங்க. கங்கைத் தண்ணியை ஊத்தின ‘நீர்மயமான வெற்றித்தூண்’னு திருவாலங்காட்டுச் செப்பேடு இதைப் புகழுது. அங்கேயும் ஒரு எட்டு போயிட்டு வாங்க.

* ஏதாவது கண்ணுல பட்டா தொடாதீங்க. இடத்தோட போட்டோ எடுத்து, அங்கே இருக்கற அலுவலர்கிட்ட சொல்லுங்க. மண்ணுக்குள்ள கிடைக்கிற பொருள் பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ளதா இருந்தா கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும்னு 1878-லயே புதையல் சட்டம் போட்டுட்டாங்க, பாஸ்!