மாடி வீட்டுக்கு முற்பணம் கொடுக்குமுன்...

தெல்தோட்டை பஸாரில் சொந்தக் கடை உள்ளவருக்குச் சுவரும் கூரையும் தன்னுடையவை. பிள்ளைகளின் படிப்புக்காகக் கொழும்பில் தொடர்மாடி வீடு வாங்கும்போது இந்தக் கணக்கு மாறிவிடுகிறது.

1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டமும் அதன் திருத்தங்களுமே இதற்கு அடிப்படை. வீடு உங்களுக்குச் சொந்தம். மாடிப்படி, நடைபாதை, லிப்ட், கட்டடத்தின் கூரை எல்லோருக்கும் பொது. இவற்றைப் பராமரிப்பது வீட்டு உரிமையாளர்கள் அங்கத்தவர்களாக உள்ள முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். அதற்கான பணத்தை அவரவர் வீட்டின் பங்குப் பெறுமதிக்கேற்பச் செலுத்த வேண்டும். "நான் கீழ் மாடியில் இருக்கிறேன், லிப்ட்டே பாவிப்பதில்லை" என்ற வாதம் எடுபடாது.

நம் வியாபாரிகள் அதிகம் ஏமாறுவது வாகனத் தரிப்பிடத்தில்தான். விற்பவர் கைகாட்டிய இடம் உங்களுடையதாகிவிடாது. பதிவு செய்யப்பட்ட கூட்டாதன வரைபடத்தில் அது உங்கள் வீட்டோடு சேர்த்துக் காட்டப்பட்டுள்ளதா என்று சட்டத்தரணியைக் கொண்டு பார்ப்பியுங்கள். வரைபடமே இன்னும் பதிவாகவில்லை என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் முற்பணத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

கடைச் சரக்கை நடைபாதையில் அடுக்கும் பழக்கத்தையும் ஊரிலேயே விட்டுவிட வேண்டும். அது பக்கத்து வீட்டாரின் வழி, தீப்பிடித்தால் அவர்கள் தப்பி ஓடும் வழியும் அதுவே.

பழைய வீடு வாங்குவோர், பராமரிப்புப் பணத்தில் நிலுவை இல்லை என்ற கடிதத்தைக் கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் பெறட்டும். பிணக்கு வந்தால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையிடம் முறையிடலாம்.