நிமஜ்ஜன நாளுக்கு சர்வரையும் பிடித்து வைக்க வேண்டும்

ஹைதராபாத்தில் விநாயகர் சிலைகள் ஹுசேன் சாகரில் கரையும் நாள் பஞ்சாங்கம் அச்சாகும்போதே தெரிந்துவிடுகிறது. அனந்த சதுர்த்தசி 2024இல் செப்டம்பர் 17 அன்று வந்தது, 2025இல் செப்டம்பர் 6 அன்று. 1954 முதல் சிலை வைத்துவரும் கைரதாபாத் விநாயகர் கிளம்புவதும், பாலாப்பூர் ஊர்வலம் நகருக்குள் வருவதும், டேங்க் பண்ட் சாலை மனிதத் தலைகளால் நிரம்புவதும் அதே நாளில்தான். அதற்காக ஏரிக்கரைக்குக் கிரேன்கள் முன்கூட்டியே வந்து நிற்கின்றன. இரவில் சிறப்பு எம்எம்டிஎஸ் ரயில்கள் ஓடுகின்றன, மெட்ரோவின் நேரம் நீள்கிறது. கூட்டம் வரும் என்று தெரிந்தால் வேண்டியதை முன்பே பிடித்து வைப்பது நமக்குப் புதிதல்ல. அந்தக் கூட்டத்தின் கையில் இருக்கும் செல்போன்களுக்கும் இதே முன்யோசனை தேவை. இன்றைய தொலைபேசி வலையமைப்பு பெரும்பாலும் சர்வர்களில் ஓடும் மென்பொருள். அந்த சர்வர்களையும் நாள், நேரம் குறித்து முன்பதிவு செய்யும் பழக்கம் வர வேண்டும்.

முன்பெல்லாம் வலையமைப்பின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிப் பெட்டி இருந்தது. சந்தாதாரரை அடையாளம் காண ஒன்று, அழைப்பை இணைக்க ஒன்று, இணையத்துக்கு வழிவிட இன்னொன்று. 2012 அக்டோபரில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் உலகின் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டன. இந்தப் பெட்டிகளை விட்டுவிட்டு, அதே வேலைகளைச் சாதாரண சர்வர்களில் மென்பொருளாக ஓட்டுவோம் என்பதுதான் அதன் சாரம். மெய்நிகராக்கம் என்ற பெயரில் அது வேகமாக வளர்ந்தது. ஜப்பானில் ரகுடென் மொபைல் 2020 ஏப்ரலில் முழு வலையமைப்பையும் இந்த முறையில் வணிகச் சேவைக்குக் கொண்டுவந்தது. இங்கே 2025 செப்டம்பர் 27 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பிஎஸ்என்எல்லின் உள்நாட்டு 4ஜியும், அரசின் சி-டாட் உருவாக்கிய கோர் என்ற மையப் பகுதி உட்பட, மென்பொருளை நம்பியே நிற்கிறது. பெட்டிகள் போனதால் செலவு குறைந்தது. அதோடு, ஒவ்வொரு வேலைக்கும் என்று தனியாக ஒதுங்கியிருந்த இடமும் போய்விட்டது. இப்போது எல்லா வேலைகளும் ஒரே சர்வர் தொகுப்பில் இடம் கேட்டு நிற்கின்றன.

கிளவுட் என்றால் எல்லையே இல்லாதது, கேட்டால் கேட்ட அளவுக்குக் கிடைக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. 2020 மார்ச்சில், பெருந்தொற்றால் உலகமே வீட்டுக்குள் அடைந்தபோது, மைக்ரோசாஃப்ட் தன் கிளவுடின் இலவசச் சலுகைகளுக்கு வரம்பு விதித்து, இருக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அவசரப் பணிகளுக்கும் முன்னுரிமை தர வேண்டி வந்தது. ஹைதராபாத்தையே பார்க்கலாம். அமேசான் வெப் சர்வீசஸ் 2022 நவம்பரில் இங்கே தன் மையத்தை 3 மண்டலங்களுடன் திறந்தது. அதே நிறுவனம் சர்வர் கொள்ளளவை முன்பதிவு செய்துகொள்வதைத் தனிச் சேவையாகவே விற்கிறது. பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் பணம் கட்ட வேண்டும். கேட்டதெல்லாம் எப்போதும் கிடைக்குமென்றால் இதற்குக் காசு கொடுக்க யார் வருவார்கள்?

முன்பதிவு என்பது எதைப் பதிவு செய்வது? கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். மண்டபம் ஒரு நாளும் சமையல்காரர் மறுநாளும் கிடைத்தால் பயனில்லை, எல்லாம் ஒரே முகூர்த்தத்தில் அமைய வேண்டும். அழைப்புகளை இணைக்கும் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்குத் தனக்கென்றே ஒதுக்கிய சிபியு கோர்கள் வேண்டும், துண்டு துண்டாக இல்லாத பெரிய நினைவகம் வேண்டும், வேகமான நெட்வொர்க் கார்டு வேண்டும். ஒன்று விழுந்தால் தாங்கிக்கொள்ள அதன் இணைப் பிரதி இன்னொரு இயந்திரத்தில் ஓட வேண்டும். மொத்தத்தில் 200 கோர்கள் காலியாக இருந்தாலும், அவை 50 இயந்திரங்களில் நாலு நாலாகச் சிதறிக் கிடந்தால் இந்த மென்பொருளுக்கு இடமில்லை. இதற்காகத்தான் ஓபிஎன்எஃப்வி என்ற திறந்த மூலக் கூட்டமைப்பில் ‘பிராமிஸ்’ என்ற திட்டம் உருவானது. கிளவுட் அமைக்க உதவும் திறந்த மூல மென்பொருளான ஓபன்ஸ்டாக்கில் ‘பிளேசார்’ என்ற பகுதி இந்த முன்பதிவைச் செய்கிறது. அதில் ஒரு முன்பதிவுக்குப் பெயர் குத்தகை. எந்த வகை இயந்திரம், எத்தனை, எந்த நேரம் தொடங்கி எந்த நேரம் வரை என்று எழுதிக் கொடுத்தால், குறித்த நேரத்தில் இடம் தயாராக இருக்கும். முடியும் நேரத்தில் தானாகவே திரும்பப் போய்விடும். அமெரிக்காவில் ஆய்வாளர்களுக்கான கமீலியன் கிளவுட் இதை அன்றாடம் பயன்படுத்துகிறது.

கூட்டம் கூடும்போது மென்பொருளே தன்னைப் பெருக்கிக்கொள்ளுமே, முன்பதிவு எதற்கு என்று பொறியாளர்கள் கேட்பதுண்டு. சுமை மெல்ல ஏறினால் அது சரி. வலையமைப்பில் சுமை அப்படி ஏறுவதில்லை. ஒரு போன் இணைப்பை இழந்தால் உடனே மீண்டும் பதிவு செய்யப் பார்க்கும், மறுக்கப்பட்டால் மறுபடி முயலும். லட்சம் போன்கள் ஒரே நேரத்தில் இப்படிக் கதவைத் தட்டினால், புதிய பிரதி எழுந்து நிற்பதற்குள் இருக்கும் பிரதி மூழ்கிவிடும். 2022 ஜூலை 2 அன்று ஜப்பானின் கேடிடிஐ நிறுவனத்தில், ரவுட்டர் பராமரிப்பின்போது குரல் அழைப்புகளின் பாதை சுமார் 15 நிமிடம் அறுந்தது. மீண்டும் பதிவு செய்ய முயன்ற போன்களின் வெள்ளத்தில் அழைப்புப் பகுதி நெரிந்து, 3 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தொட்ட அந்தப் பாதிப்பு ஓய 61 மணி நேரம் ஆனது. அங்கே தொடக்கம் வேறு தவறு. ஆனால், சிறிய இடைவெளி எவ்வளவு பெரிய நெரிசலாக மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தானாகப் பெருகுவதற்கும் காலி இடம் வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வீண் செலவு என்ற மறுப்புதான் உண்மையிலேயே கனமானது. டென்மார்க்கின் ஏ.கே. எர்லாங் 1917இல் தந்த சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், 10 எர்லாங் (சராசரியாக ஒரே நேரத்தில் 10 அழைப்புகள்) சுமையை நூற்றில் ஒன்றுக்கு மேல் தவறாமல் தாங்க 18 இணைப்புகள் வேண்டும். அப்படிப் பத்துக் குழுக்களைத் தனித்தனியே வைத்தால் 180. பத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் சுமார் 117 போதும். பகிர்ந்தால் மிச்சம், பிரித்தால் நட்டம். 2021 ஜனவரியில் ஹைதராபாத்தில் ஏர்டெல் 5ஜியை இயக்கிக் காட்டியதுகூட, 4ஜிக்கு இருந்த 1800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை இரண்டுக்கும் நேரத்துக்கு ஏற்பப் பகிர்ந்துதான். ஆகவே, நிரந்தரமாக ஒதுக்கி வைப்பதை இந்தக் கட்டுரை கேட்கவில்லை. குத்தகைக்கு முடிவு நேரம் இருக்கிறது. பதிவு செய்த இடம் காலியாக இருக்கும் வரை அவசரமில்லாத வேலைகளை, கணக்கு அறிக்கைகளையோ மென்பொருள் சோதனைகளையோ, அதில் ஓட்டிக்கொண்டு, தேவை வந்ததும் இறக்கிவிடலாம். ரயிலில் சார்ட் தயாராகும்போது நிரம்பாத கோட்டா இடங்கள் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போவதை எல்லோரும் அறிவோம்.

டேங்க் பண்டில் திணறுவது டவர்தானே, சர்வரைப் பதிவு செய்து என்ன பயன் என்பதும் நியாயமான கேள்வி. கூட்டத்தில் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் அலைக்கற்றைதான். அதை எந்த சர்வர் முன்பதிவாலும் கூட்ட முடியாது, தற்காலிக டவர்களைத்தான் கொண்டுவர வேண்டும். ஆனால், புது டவர் வந்தால் அதன் வழியே கூடுதல் பதிவுகளும் அழைப்புகளும் வலையமைப்பின் கோருக்குள் பாயும். அங்கே இடமில்லாவிட்டால் நெரிசல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்கிறது, அவ்வளவுதான். டவரின் அலைகளைக் கையாளும் கணக்குகளே சர்வருக்கு மாறிவரும் காலத்தில், இரண்டையும் பிரித்துப் பார்ப்பதும் கடினமாகிவருகிறது.

முன்பதிவு யாருக்காக என்பது பொறியியலைத் தாண்டிய கேள்வி. 2018 ஜூலையில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, இணையப் போக்குவரத்தில் பாகுபாடு கூடாது என்ற இணையச் சமநிலையை ஏற்றது, சில சிறப்புச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு தந்தது. அந்த விலக்கின் வழியே காசு கொடுப்பவருக்கு மட்டும் இடம் பிடித்து வைக்கும் வணிகம் நுழைந்தால், முன்பதிவு என்ற நல்ல கருவி பாகுபாட்டின் கருவியாகிவிடும். முதல் இடம் 112 என்ற அவசர எண்ணுக்கான அழைப்புகளுக்கு. அடுத்தது, அந்தப் பகுதியில் நிற்கும் எல்லோருடைய குரல் அழைப்புக்கும். கூட்டத்தில் கைப்பிடி நழுவிய குழந்தையைத் தேடும் தாயின் போன் எந்தக் கட்டணத் திட்டத்தில் இருக்கிறது என்பது கணக்கில் வரவே கூடாது.

2020 அக்டோபர் 13, 14 தேதிகளில் ஹைதராபாத்தை மூழ்கடித்த மழைக்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் நாள் குறித்திருக்கவில்லை. ஆனால், இப்படிப்பட்ட பெருமழைக்கு வானிலை ஆய்வு மையத்தின் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் வருவதுண்டு, பல நேரம் ஒரு நாள் முன்பாகவே. குத்தகையைப் பதிய அந்த அவகாசம் தாராளம். எச்சரிக்கை வந்த மணியிலிருந்து வெள்ளம் வடியும் வரை அவசர அழைப்புகளுக்கான இடம் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உரிமத்திலேயே ஒரு நிபந்தனையாக எழுதிவிடலாம்.