கைப்பேசிப் புதுப்பிப்பும் சர்க்கரை எச்சரிக்கை ஒலியும்

இன்சுலின் செலுத்திக்கொள்வோரில் பலர் இன்று மேற்கையில் சிறிய சென்சார் ஒன்றைப் பொருத்தியுள்ளனர். அது தோலுக்கு அடியிலுள்ள திரவத்தின் சர்க்கரை அளவை இடைவிடாது அறிந்து, புளூடூத் வழியாகக் கைப்பேசிச் செயலிக்கு அனுப்புகிறது. குறித்துவைத்த அளவுக்கு, பொதுவாக டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்கு, கீழே சர்க்கரை இறங்கினால் எச்சரிக்கை ஒலி எழும். ஆழ்ந்த உறக்கத்தில் தாழ்சர்க்கரையின் அறிகுறிகள் தெரியாமற் போகலாம். அவ்வேளையில் நோயாளியையோ அருகில் இருப்பவரையோ எழுப்பும் துணை அந்த ஒலியே ஆகும். எனவே, அந்தக் கைப்பேசியை மருத்துவக் கருவியின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

கைப்பேசியின் இயக்க முறைமை அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. அதன்பின் எச்சரிக்கை ஒலி சிலருக்குக் கேட்காமற் போவதுண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 பிப்ரவரியில் இது குறித்துப் பொதுமக்களுக்கு அறிவுறுத்தல் வெளியிட்டது.

ஒலி ஏன் நின்றுபோகிறது?

முதற்காரணம், மறுதொடக்கம். தானியங்கிப் புதுப்பிப்பு பெரும்பாலும் நள்ளிரவில், கைப்பேசி மின்னேற்றத்தில் இருக்கும்போது நடைபெறுகிறது. கைப்பேசி அணைந்து மீண்டும் உயிர்பெற்றபின், நீங்கள் கடவு எண்ணை இடும்வரை பல செயலிகள் இயங்குவதில்லை. நீங்கள் உறங்கிக்கொண்டிருக்க, செயலியும் விடியும்வரை உறங்கிவிடுகிறது.

இரண்டாவது, அமைப்புகளில் நேரும் மாற்றம். புதிய பதிப்பில் அறிவிப்புக்கான அனுமதியோ, புளூடூத் அனுமதியோ, மின்கலச் சேமிப்பு முறையோ மாறியிருக்கலாம். நெடுநேரம் திறக்கப்படாத செயலிகளைச் சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் உறக்கநிலையில் வைத்துவிடும்.

மூன்றாவது, புதிய வசதிகள். 2023இல் ஐஓஎஸ் 17 வெளிவந்தபோது, மின்னேற்றத்தின்போது திரையில் கடிகாரம் காட்டும் ‘ஸ்டாண்ட்பை’ வசதி சர்க்கரை எச்சரிக்கைகளைப் பாதிக்கக்கூடும் எனச் சென்சார் நிறுவனம் ஒன்று தன் பயனாளர்களுக்கு அறிவித்தது.

புதுப்பிக்கும் முன்

• கைப்பேசியில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவையுங்கள்.
• புதிய பதிப்பு உங்கள் செயலிக்கு ஏற்றதா என்பதைச் சென்சார் நிறுவனம் வெளியிடும் பட்டியலில் பாருங்கள். ஏற்றதன்று எனில் காத்திருங்கள். நிறுவியபின் பழைய பதிப்புக்குத் திரும்புவது எளிதன்று.
• செயலியின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் குறித்துவையுங்கள்.
• விரல் நுனியில் குருதி எடுத்துச் சோதிக்கும் குளுக்கோமீட்டரையும், காலாவதியாகாத பட்டைகளையும் அருகில் வைத்திருங்கள்.
• விழித்திருக்கும் பகல் வேளையில் மட்டுமே புதுப்பியுங்கள்.

புதுப்பிப்புகளை முற்றிலும் தவிர்ப்பதும் நன்றன்று. கைப்பேசியின் பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்பவையும் அவையே. சில வாரங்கள் பொறுத்து, உறுதி செய்துகொண்டபின் நிறுவுவதே முறை.

புதுப்பித்த பின்

கடவு எண்ணை இட்டு, சென்சார் செயலியைத் திறந்து, புதிய அளவு வருகிறதா எனப் பாருங்கள். அறிவிப்பு, புளூடூத் ஆகியவற்றின் அனுமதிகளைச் சரிபாருங்கள். ‘தொந்தரவு செய்யாதே’ நிலையையும் மீறி ஒலிப்பதற்கான அனுமதி இருக்கிறதா என்பதையும் நோக்குங்கள். மின்கலச் சேமிப்பிலிருந்து செயலிக்கு விலக்கு அளியுங்கள். ஒலி காதணிக் கருவிக்குச் செல்லாமல் கைப்பேசியிலேயே கேட்கிறதா என உறுதி செய்யுங்கள்.

அளவு வரவில்லையெனில் புளூடூத்தை ஒருமுறை அணைத்து இயக்குங்கள். பின்னர் கைப்பேசியை மறுதொடக்கம் செய்யுங்கள். செயலியை நீக்கிவிட அவசரப்பட வேண்டாம். சில வகைகளில், பொருத்தியுள்ள சென்சாரின் இணைப்பே அறுந்துபோகக்கூடும். நிறுவனத்தின் உதவி எண்ணை முதலில் அழையுங்கள்.

சிக்கல் தீரும்வரை குளுக்கோமீட்டரையே நம்புங்கள். படுக்கைக்குச் செல்லுமுன் கட்டாயம் சோதியுங்கள். நள்ளிரவிலும் சோதிக்க வேண்டுமா என மருத்துவரைக் கேளுங்கள். அளவு 70க்குக் கீழிருந்து, நோயாளி விழிப்புடன் விழுங்கும் நிலையில் இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108ஐ அழையுங்கள்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ தம் கைப்பேசியில் பெற்றோரின் சர்க்கரை அளவைக் காண்பதுண்டு. அந்தத் தகவல் பெற்றோரின் கைப்பேசி வழியாகவே வருகிறது. அது நின்றால் இதுவும் நின்றுவிடும். ஆகவே எச்சரிக்கை வராததை மட்டும் நலத்தின் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். கடைசி அளவு எந்நேரத்தில் வந்தது என்பதையும் பாருங்கள்.

எச்சரிக்கை அமைப்புகளை மாதம் ஒருமுறையேனும் சரிபார்ப்பது நல்வழக்கம். ஐயமிருப்பின், அடுத்த முறை நீரிழிவுப் பிரிவுக்கு வரும்போது கைப்பேசியையும் உடன் கொண்டுவாருங்கள்.