பொருளும் கடனும்

கி. பி. 628 இல் பிரமகுப்தர், தாம் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில், நேரெண்ணைப் பொருளென்றும் மறையெண்ணைக் கடனென்றும் வழங்கினார். இவ்வழக்கு இன்றைய வகுப்பறைக்கும் பெரிதும் பயன்படும்.

7 ரூபாய்க் கடன் 3 ரூபாய்க் கடனினும் பெரிது. ஆயின் −7 என்னும் எண் −3 இலும் சிறிது. மாணாக்கர் மயங்குமிடம் இதுவே. பூச்சியத்திலிருந்து ஓர் எண்ணுக்குள்ள தூரம் அதன் மட்டு எனப்படும். −7 இன் மட்டு 7. அளவு வேறு, வரிசை வேறு என்பதை முன்னர்த் தெளிவித்தல் வேண்டும்.

அதன்பின் கூட்டல் எளிதாம். குறிகள் ஒத்திருப்பின் மட்டுக்களைக் கூட்டி அக்குறியையே இடுக. மாறுபடின் பெரிய மட்டிலிருந்து சிறியதைக் கழித்துப் பெரியதன் குறியை இடுக. 3 ரூபாய் உடையவன் 7 ரூபாய் கடன்பட்டிருப்பின் எஞ்சுவது 4 ரூபாய்க் கடனன்றோ? 3 ரூபாய்க் கடனை நீக்குதல் 3 ரூபாய் ஈதலை ஒக்கும்; ஆதலின் 5 − (−3) = 8.

காரணமறியாது விதியை மனனஞ் செய்தவன், அது மறந்தவிடத்து வழியறியான்.