ஹார்ட் டிஸ்க்கைக் காக்கும் கார்பன் பூச்சு

ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கை அசைக்காதீர்கள் என்று சொல்வார்கள். ஏன் தெரியுமா?

புதிய லேப்டாப்களில் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. இருக்கிறது. அதில் சுழலும் பாகம் இல்லை. ஆனால் போட்டோக்களைச் சேமிக்க நாம் வாங்கும் எக்ஸ்டர்னல் டிரைவ்களில் பல, இன்றும் ஹார்ட் டிஸ்க்தான்.

இதனுள் அலுமினியம் அல்லது கண்ணாடித் தட்டுகள் சுழல்கின்றன. அவற்றின் மேலுள்ள காந்தப் படலத்தில்தான் உங்கள் ஃபைல்கள் பதிகின்றன. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் 3.5 அங்குல டிஸ்க்கின் விளிம்பு, மணிக்குச் சுமார் 130 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. தகவலைப் படிக்கும் ஹெட், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால், அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர். ஐ.பி.எம். 1956-ல் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் இந்த இடைவெளி சுமார் 20,000 நானோமீட்டராக இருந்தது!

இவ்வளவு நெருக்கத்தில் சிறு உரசல் நேர்ந்தாலும் காந்தப் படலம் கீறப்படும். அதைத் தடுக்கவே அதன்மேல் சுமார் 2 முதல் 3 நானோமீட்டர் தடிமனில் கார்பன் பூசுகிறார்கள். இது மிகவும் கடினமானது. படலம் துருப்பிடிக்காமலும் காக்கிறது. இதன்மேல் சுமார் ஒரு நானோமீட்டர் மசகுப் படலம் உண்டு. ஹெட் லேசாக உரசினால் அந்த இடத்தில் மசகு விலகும். பிறகு சுற்றிலுமிருந்து பரவி நிரப்பிக்கொள்ளும். கார்பன் அப்படி வளராது. தேய்ந்தால் தேய்ந்ததுதான். பலமான அதிர்வில் ஹெட் தட்டில் மோதினால் பூச்சு பெயர்ந்து, துகள்கள் மேலும் கீறல்களை உண்டாக்கும். இதுவே ஹெட் கிராஷ்.

பழைய டிஸ்க்குகளில் ஆஃப் செய்ததும் ஹெட் தட்டின் மீதே இறங்கி உரசி நின்றது. இப்போது தட்டுக்கு வெளியே உள்ள பிளாஸ்டிக் சரிவில் ஏறி நிற்கிறது. மின்சாரம் திடீரென நின்றாலும் ஹெட் ஒதுங்கிவிடும். ஆனால் அந்த அவசர ஒதுங்கலில் தேய்மானம் அதிகம்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. டிரைவ் ஓடும்போது நகர்த்தாதீர்கள்.

2. ‘சேஃப்லி ரிமூவ் ஹார்டுவேர்’ கொடுத்து, சுழற்சி நின்ற பிறகே கேபிளை எடுங்கள்.

3. டெஸ்க்டாப்புக்கு யு.பி.எஸ். பயன்படுத்துங்கள்.

4. ‘கிளிக் கிளிக்’ என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் ஆன் செய்தால் கீறல் பெருகும்.

5. முக்கியமான ஃபைல்களை இன்னொரு டிரைவிலும் காப்பி எடுத்து வையுங்கள். காந்தப் படலம் போன இடத்தில் இருந்த போட்டோவை எந்த ரெக்கவரி சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது.