கல் மக்கினால் செம்மண்

ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் கொல்லையும் செம்மண். மகளைக் கட்டிக்கொடுத்திருக்கும் பச்சைமலை அடிவாரத்து ஊரும் செம்மண். எங்கள் பக்கம் மழை பெய்த சுவடே இல்லாமல் தண்ணீர் உள்ளே இறங்கிவிடுகிறது. அங்கே சரிவில் ஒரு சாண் தோண்டினால் சரளை தட்டுகிறது. அதற்கும் கீழே போனால் கல்லா மண்ணா என்றே தெரியாத ஒன்று வருகிறது. இரண்டும் ஒரே மண்தானா?”

ஒரே மண் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்தியது ‘கல்லா மண்ணா என்றே தெரியாத ஒன்று’ என்ற சொற்கள்தான். விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் நிறத்தைத் தள்ளிவைத்துவிடலாம். செம்மண்ணின் சிவப்பு இரும்புத் துரு. ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு மணல்மணிகளின் மேல் மெல்லிசாகப் படிந்திருக்கிறது. நூற்றில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே மண் முழுவதும் சிவந்துவிடும். சுவரில் காவி அடித்திருக்கிறது என்பதால் உள்ளே செங்கல்லா, மண்கட்டியா, கருங்கல்லா என்று சொல்லிவிட முடியுமா? கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் மண்ணின் வகையையும் போடவேண்டிய உரத்தையும் சொல்லிவிடுவோம் என்று விளம்பரம் செய்யும் செயலிகளை நான் நம்பாததற்கு இதுவே காரணம். படத்துக்குத் தெரிவது காவி மட்டும்.

ஜெயங்கொண்டத்துக் காவிக்குள் இருப்பது கடலூர் மணற்கல். பழைய ஆறுகள் மேற்கேயிருந்து உருட்டிவந்து கொட்டிய மணலும் களியும் இறுகியும் இறுகாமலும் கிடக்கும் அடுக்கு அது. பழுப்பு நிலக்கரி கிடப்பதும் அந்த வண்டல் அடுக்குகளுக்குள்தான். அங்கிருந்து அரியலூருக்குப் போனால் சுண்ணாம்புக்கல்லும் கடல் உயிரிகளின் புதைபடிவங்களும் வரும். டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் அது கடல். இன்னும் மேற்கே, பெரம்பலூர்ப் பக்கம் போனால்தான் அசல் கரும்பாறை தலைகாட்டுகிறது. வரிவரியான நைஸ், பச்சைமலையில் சார்னோக்கைட். கடைக்காரர்கள் எல்லாவற்றையும் கிரானைட் என்றே விற்கிறார்கள். நிலவியலாளர்கள் அந்தப் பெயரைச் சில கற்களுக்கு மட்டும் தருவார்கள். மண்ணைப் பொறுத்தவரை குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், கருப்பு மைக்கா ஆகிய மூன்றும் கலந்த கல் என்று வைத்துக்கொண்டால் போதும்.

இந்தக் கல் எப்படி மண்ணாகிறது? வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கி உடைகிறது என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மலைச்சரிவில் பெரிய வேலையைச் செய்வது மைக்கா.

கருப்பு மைக்கா, அதாவது பயோடைட், சுவடிக்கட்டுபோல் ஏடு ஏடாக அடுக்கியது. இரண்டு ஏடுகளுக்கு நடுவே பொட்டாசியம் அயனிகள் உட்கார்ந்து அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. ஏட்டுக்குள் இரும்பு இருக்கிறது. மழைநீர் விரிசல் வழியே வந்து சேர்ந்ததும் அந்த இரும்பு ஆக்சிஜன் ஏற்கிறது, அதன் மின்னூட்டம் மாறுகிறது, பொட்டாசியத்தின் பிடி தளர்கிறது. பொட்டாசியம் தண்ணீரோடு கிளம்ப, அது இருந்த இடத்தில் நீர் மூலக்கூறுகளும் மெக்னீசியம் போன்ற வேறு அயனிகளும் புகுந்துகொள்கின்றன. ஒரு நானோமீட்டர் இருந்த ஏட்டு இடைவெளி 1.4 நானோமீட்டர் ஆகிறது. நூற்றுக்கு நாற்பது பங்கு வீக்கம்! வெளியே விரிய இடமில்லாமல் நாலாபுறமும் கல் நெருக்கும்போது இப்படி வீங்கினால் என்ன ஆகும்? பக்கத்துக் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் தெறிக்கின்றன. அந்தத் தெறிப்பு வழியே இன்னும் தண்ணீர், அடுத்த மைக்கா, இன்னொரு வீக்கம்.

கடலைமிட்டாயைச் செய்யும்போது நடுநடுவே அவலையும் தூவிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கடலை குவார்ட்ஸ், பாகு ஃபெல்ஸ்பார், அவல் மைக்கா. ஐப்பசி மழையில் டப்பாவை மூடாமல் வைத்துவிட்டீர்கள். முதலில் அவல் ஈரத்தைக் குடித்து உப்புகிறது, மிட்டாய்க்குள் நுண்ணிய பிளவுகள் விழுகின்றன. பார்க்க மிட்டாய் அப்படியே சதுரமாகத்தான் இருக்கும், தொட்டால் உதிரும். பிறகு பாகு கசிந்து பிசுபிசுக்கிறது. கசிந்த இனிப்பை எறும்பு வரிசை கட்டி எடுத்துப்போகிறது. மலையில் அந்த எறும்புகளின் வேலையை மழைநீர் செய்கிறது, சோடியத்தையும் கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் ஓடைக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் கொண்டுபோகிறது. கடைசியில் டப்பாவில் மிஞ்சுவது பிசுபிசுத்த அடிமண்டியும், எதுவும் நடக்காததுபோல் கிடக்கும் முழுக் கடலையும். அடிமண்டிதான் களி, கடலைதான் மணல். ஓர் இடத்தில் மட்டும் உவமை பொருந்தாது. பாகு வெறும் பசை, ஃபெல்ஸ்பாரோ தானே ஒரு படிகம். கசிந்து போவதோடு நிற்காமல் கயோலினைட் என்ற புதுக் களிப்படிகமாகவே மாறிவிடுகிறது.

‘பார்க்கச் சதுரம், தொட்டால் உதிரல்’ என்ற அந்த இடைநிலைதான் வாசகர் கண்டது. கல்லின் வரிகள் வரிகளாகவே தெரியும், மண்வெட்டி சோறுபோல இறங்கும். கிணறு வெட்டுகிறவர்கள் கல் மக்கிப்போயிருக்கிறது என்பார்கள். சேப்ரோலைட் என்ற அறிவியல் பெயருக்குப் பொருளும் அதுதான்: அழுகிய கல்.

இங்கே ஒரு புதிர் எழும். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் நிற்கிறது. முதலாம் ராஜேந்திரன் எழுப்பியது, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வயது. அந்த வட்டாரத்தில் கரும்பாறையே கிடையாது. அத்தனை கல்லும் வெளியிலிருந்து வந்தது. சண்டேசருக்கு மாலை சூட்டும் சிவனின் முகத்தில் இன்றைக்கும் பாவம் தெரிகிறது. ஆயிரம் மழைக்காலத்தைக் கண்ட கல் அப்படியே இருக்க, பச்சைமலைச் சரிவில் புதைந்து கிடக்கும் அதே இனத்துக் கல் ஏன் மக்கிப்போகிறது?

வெளியே நிற்கும் கல் மழை விட்டதும் காய்ந்துவிடுகிறது. மண்ணுக்குள் கிடக்கும் கல்லுக்கு ஈரத்துணி சுற்றியதுபோல. அதோடு வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் மண்ணுக்குள் இருக்கும் காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். அது தண்ணீரில் கரைந்து மெல்லிய அமிலமாகி இரவும் பகலும் கல்லை அரிக்கிறது. புதைந்த பாறைக்கு மூலைகளில் மூன்று பக்கத் தாக்குதல், விளிம்பில் இரண்டு, முகத்தில் ஒன்று. அதனால் மூலை முதலில் மழுங்கி, நடுவே உருண்டையாக ஒரு கெட்டிக்கல் மிஞ்சுகிறது. பின்னால் சுற்றியுள்ள மண்ணை மழை அடித்துப்போனதும் அந்த உருண்டைகள் வெளியே வருகின்றன. குன்றுகளின் மேல் யாரோ அடுக்கிவைத்ததுபோல் நிற்கும் பாறைகளில் பல இப்படி மண்ணுக்குள்ளே உருண்டை பிடித்தவை.

சரி, இந்த மண்ணுக்கு என்ன பெயர்? ஒரு பெயர் போதாது. உச்சியிலும் நடுவிலும் அடிவாரத்திலும் மூன்று குழி வெட்டவேண்டும். உச்சிக் குழியில் ஒரு சாணுக்குள் கல். அதை என்டிசால் என்பார்கள், இன்னும் அடுக்குப் பிரியாத இளம் மண். நடுவில் அடுக்குகள் தோன்றத் தொடங்கியிருந்தால் இன்செப்டிசால். அடிவாரத்தில்தான் எனக்குப் பிடித்த காட்சி. மேல்மண்ணின் களியை ஒவ்வொரு மழையும் கொஞ்சம் கரைத்து இறக்கி, கீழே ஈரம் காயும் இடத்தில் மெழுகிவிட்டுப் போகிறது. அரையடி, ஓரடிக்குக் கீழே ஒரு கட்டியை உடைத்து லென்ஸில் பார்த்தால் சாணம் மெழுகிய திண்ணைபோல் மின்னும். அந்த மெழுக்குத்தான் ஆல்ஃபிசால் வகுப்பின் அடையாளம். அலுமினியம், இரும்பு இரண்டின் குறியீடுகளைச் சேர்த்துக் கட்டிய பெயர். நல்ல அடர்சிவப்பாக, வறண்ட பருவமுள்ள ஊரில் இருந்தால் ரோடஸ்டால்ஃப் என்று நீளும்: கிரேக்கத்தில் ரோஜாவைக் குறிக்கும் ‘ரோடு’, லத்தீனில் எரிந்ததைக் குறிக்கும் ‘அஸ்ட்’, கடைசியில் ஆல்ஃபிசாலின் ‘ஆல்ஃப்’. பெயரைப் பிரித்தாலே மண்ணின் சாதகம் வந்துவிடுகிறது. இன்னும் கீழே, பள்ளத்தில், கரைந்துவந்த கால்சியம் தங்கிச் சுண்ணாம்பு முண்டுகளோடு களிமண் கறுத்துக்கூடக் கிடக்கும்.

வரலாறு என்று சொல்ல அதிகம் இல்லை. 1883இல் ரஷ்யாவின் தொகுச்சாயெவ், மண் என்பது பாறைத்தூள் அல்ல, தனிப் பொருள் என்று எழுதினார். 1930களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெஃப்ரி மில்ன், உச்சியிலிருந்து பள்ளம்வரை ஒரு சரிவின் மண்கள் சங்கிலிபோல் கோத்தவை என்று கண்டு அதே பொருளில் கடீனா என்று பெயர் வைத்தார். மேலே சொன்ன நீளப் பெயர்கள் 1975இல் அமெரிக்கர்கள் வெளியிட்ட வகைப்பாட்டில் வந்தவை. நம் நாட்டில் 1976இல் நாக்பூரில் தேசிய மண் ஆய்வுப் பணியகம் வந்தது. முதலில் விவரித்த ஊரின் பெயரையே மண்ணுக்கு வைப்பது வழக்கம் என்பதால், கோவையின் இருகூர் ஒரு மண்தொடரின் பெயராகிவிட்டது. சரளை, செவல், கரிசல் என்று நம் உழவர்களும் மண்ணைப் பிரித்துத்தான் சொன்னார்கள். பட்டியல் அச்சில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு மண்ணும் வேறு என்பதற்கு வாசகர் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துபார்க்கலாம். இரண்டு ஊர் மண்ணிலும் ஒவ்வொரு பிடி எடுத்து, கலங்கல் போகும்வரை கழுவி, வெள்ளைத் துணியில் காயவையுங்கள். பச்சைமலை மண்ணில் குவார்ட்ஸ் கூர்மூலையோடு கண்ணாடிச் சில்லுபோல் இருக்கும். ஊடே பாதி வெளுத்த ஃபெல்ஸ்பாரும் தங்கமாக மின்னும் மைக்காத் தகடும் தெரியும். அது பிறந்த இடத்திலேயே மக்கிய மண். ஜெயங்கொண்டத்து மணலில் மைக்கா அபூர்வம், மூலைகள் ஓரளவு மழுங்கியிருக்கும். மேற்கேயிருந்த பழைய பாறைகள் மக்கி உதிர்ந்து, ஆற்றில் உருண்டு, இங்கே மறுபடி துருவேறிய மணல் அது. அது தண்ணீரைக் குடித்துவிடுவதும், முந்திரி வேர் ஆழம் பார்த்து இறங்குவதும் அதனால்தான். சம்பந்தி வீட்டுச் சரிவில் வேருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு அடி. ஆனால் பொட்டாசியத்தை இன்னும் விடாத மைக்கா அங்கே மிச்சம் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே உர அட்டவணை பொருந்தாது.

கடைசியாக ஒன்று. மலையடிவாரங்களில் கிராவல் என்ற பெயரில் லாரியில் ஏறுவது பெரும்பாலும் இந்த மக்கிய பாறையும் அதன் மேல்மண்ணும்தான். குவார்ட்ஸுக்குள் விண்கதிர் உண்டாக்கும் பெரிலியம்-10 என்ற அணுவை எண்ணி, கருங்கல் சரிவில் மண் சேரும் வேகத்தைப் பல நாடுகளில் அளந்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை. சோழபுரத்துக் கோயிலுக்குக் கடைக்கால் போட்ட நாளிலிருந்து இன்றுவரை ஒரு சரிவில் சேர்ந்திருக்கக்கூடிய மண்ணை, பொக்லைன் ஒரே வாரலில் எடுத்துவிடுகிறது.