எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசையா? முன்பதிவுக்கு முன் போட வேண்டிய கணக்கு

“ஏசி இருக்குமாண்ணே?”, “டிக்கில ரெண்டு பையாவது வைக்க முடியுமா?”, “நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டாதா?” இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வரப்போகிறது என்று படம் வெளியானால் போதும். மதுரையில் கார் ஆசை உள்ளவர்களிடம் கிளம்பும் முதல் கேள்விகள் இவைதான்.

கேள்விகளில் தப்பே இல்லை. பல லட்சம் கொடுத்து வாங்குகிறவர் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஆனால் இந்த வகைக் காரில் ஒரு சிக்கல் இருக்கிறது. மற்ற கார்களில் வசதிப் பட்டியல் நீளமாக இருந்தால் சந்தோஷப்படலாம். இதில் பட்டியல் நீள நீள, எதற்காக அந்தக் காரை வாங்க நினைத்தோமோ அந்தக் குணமே காணாமல் போய்விடும்.

எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது, மதுரைச் சாலைக்கு இது சரிப்படுமா, விலை எங்கே போய் நிற்கும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எடை குறைந்தால் என்ன லாபம்?

காரை ஓட வைக்க, நிறுத்த, வளைவில் திருப்ப என எல்லாவற்றுக்கும் தேவைப்படும் விசை அதன் எடையைப் பொறுத்தது. எடை பாதியானால், அதே வேகத்தை அதே நேரத்தில் எட்டப் பாதி விசை போதும். அப்போது இன்ஜின் சின்னதாகலாம். பிரேக், டயர், ஸ்பிரிங் எல்லாமே சின்னதாகலாம். அவை சின்னதாவதால் எடை இன்னும் குறையும். பிரிட்டனில் லோட்டஸ் நிறுவனத்தை உருவாக்கிய காலின் சாப்மேன் பிடித்துக்கொண்ட வழி இதுதான்.

1996ல் வந்த லோட்டஸ் எலிஸ் காரின் எடை சுமார் 725 கிலோ. அதன் 1.8 லிட்டர் இன்ஜின் கொடுத்தது 118 குதிரைத்திறன். கணக்குப் போட்டால் ஒரு டன்னுக்கு 160 குதிரைத்திறனுக்கு மேல் வருகிறது. நம்ம தெருவில் ஓடும் இன்றைய ஸ்விஃப்ட் சுமார் 920 கிலோ, 82 குதிரைத்திறன். டன்னுக்கு 90கூட இல்லை. இன்ஜின் திறனோடு, குறைந்த எடையும் சேர்ந்துதான் கதையை மாற்றுகிறது.

இந்த வகையில் உலகம் முழுக்க அதிகம் விற்ற கார், ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989ல் வந்த அந்தக் கார், 2016ல் 10 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்டது. அதன் மூன்றாம் தலைமுறையை வடிவமைத்தபோது, உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியை எளிமையாக்கி 84 கிராம் மிச்சம் பிடித்தார்கள். கிராம் கிராமாகக் குறைத்தால்தான் கிலோ குறையும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கார் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வரவில்லை.

இரண்டு சீட் இருந்தாலே எடை குறைந்த கார் ஆகிவிடுமா?

ஆகாது. 2025 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த எம்ஜி சைபர்ஸ்டர் மின்சாரக் காரை எடுத்துக்கொள்வோம். இரண்டே சீட், திறந்து மூடும் கூரை, 510 பிஎஸ் திறன். 100 கி.மீ. வேகத்தை 3.2 நொடியில் எட்டும் என்கிறது நிறுவனம். ஆனால் 77 கிலோவாட் மணி பேட்டரியையும் சுமப்பதால் எடை கிட்டத்தட்ட 2 டன். ஸ்போர்ட்ஸ் கார்தான். எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் அல்ல.

வாங்குகிறவர் தன்னையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இங்கேதான் வருகிறது: நேர் ரோட்டில் பாய்வது பிடிக்குமா, வளைவில் திரும்புவது பிடிக்குமா? எடை குறைந்த காரின் சுகம் வளைவில்தான் தெரியும். மதுரையைச் சுற்றி இருப்பதோ சமவெளி. திருச்சி, விருதுநகர், தூத்துக்குடி என எந்தப் பக்கம் போனாலும் நான்கு வழிச்சாலை பெரும்பாலும் நேராகத்தான் போகும். வளைவு வேண்டுமென்றால் திண்டுக்கல் பக்கம் 18 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சிறுமலைக்குப் போகணும். இல்லையென்றால் சுமார் 120 கி.மீ. தள்ளி இருக்கும் கொடைக்கானலுக்கு மலை ஏறணும். வருஷத்துக்கு எத்தனை தடவை அந்தப் பக்கம் போவோம் என்று நிஜமாகவே எண்ணிப் பார்ப்பது நல்லது.

எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்க முடியாது?

எடையைக் குறைக்கிறேன் என்று எதை வேண்டுமானாலும் கழற்றிவிட இந்தியச் சட்டம் விடாது. ஏபிஎஸ் பிரேக் 2019 ஏப்ரல் முதல் எல்லா கார்களுக்கும் கட்டாயம். ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் நினைவூட்டி, ரிவர்ஸ் சென்சார், 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஒலிக்கும் எச்சரிக்கை ஆகியவை 2019 ஜூலை முதல் கட்டாயம். பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக், புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். இவற்றோடு முன்பக்க, பக்கவாட்டு மோதல் சோதனைகளிலும் தேற வேண்டும். 725 கிலோவில் எலிஸ் வந்த 1996ம் வருஷ விதிகள் வேறு, இன்றைய விதிகள் வேறு.

ஆக, கழிக்க மிச்சம் இருப்பவை சொகுசு சமாச்சாரங்கள்தான்: மோட்டார் வைத்த சீட், பெரிய திரை, பத்து ஸ்பீக்கர், சன்ரூஃப், சத்தம் தடுக்கும் அடுக்குகள். இவை இல்லையே என்று வருத்தப்படுகிறவர், இந்த வகைக் காரை வாங்காமல் இருப்பதே மேல்.

ஏசி மட்டும் விதிவிலக்கு. சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், துணிக்கூரை போட்ட காரை ஏசி இல்லாமல் மதியம் 2 மணிக்கு ஓட்டுவது வீரம் அல்ல, வேதனை. அந்த எடையைச் சுமக்கத்தான் வேண்டும். துணிக்கூரையா, உலோகக் கூரையா என்பதையும் வெயிலையும் ஐப்பசி மழையையும் மனதில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

ஸ்பீடு பிரேக்கரில் தட்டுமா?

சரியாகக் கட்டிய வேகத்தடையில் தட்டாது என்பதுதான் பலருக்கும் ஆச்சரியமான பதில். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி, வளைந்த வேகத்தடையின் அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ. இருக்க வேண்டும். எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் சுமார் 2.3 மீட்டர். அதாவது கார் நடு மேட்டில் நிற்கும்போது நான்கு சக்கரமும் அந்த மேட்டின் மேலேயே இருக்கும். அப்போது அடிப்பகுதி இழக்கும் உயரம் சுமார் 4 செ.மீ. மட்டுமே. தரையிலிருந்து 13 செ.மீ. இடைவெளி உள்ள காருக்கு இன்னும் 9 செ.மீ. மிச்சம் இருக்கும்.

பிரச்சினை எங்கே என்றால், அளவு பார்க்காமல் குறுகலாகவும் உயரமாகவும் போட்டுவிடும் மேடுகளில். சக்கரம் மேட்டைத் தாண்டி இறங்கிவிடும், முழு உயரமும் காரின் வயிற்றுக்கு நேராக நிற்கும். 15 செ.மீ. மேடு என்றால் தட்டியே தீரும். ஆகவே ஷோரூமில் தரை இடைவெளி எத்தனை மி.மீ. என்று கேட்டால் மட்டும் போதாது. இரண்டு பேர் உட்கார்ந்த பிறகு எவ்வளவு என்று கேட்க வேண்டும். 725 கிலோ காரில் இரண்டு பேர் சேர்ந்து 150 கிலோ ஏறினால், அது காரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு.

“வாங்கிட்டு மெக்கானிக்கிட்ட சொல்லி ஸ்பிரிங்கை ஏத்திக்கலாம்” என்ற யோசனையும் வேண்டாம். தயாரிப்பாளர் பதிவு செய்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கேட்கும் இடத்திலும் இந்த மாற்றம் சிக்கலாகும்.

லாரி, பஸ் நடுவே பாதுகாப்பா?

இதை மழுப்பாமல் பார்க்க வேண்டும். ஒரு டன் காரும் 2 டன் எஸ்யூவியும் நேருக்கு நேர் மோதினால், சின்ன காரின் வேகத்தில் ஏற்படும் திடீர் மாற்றம் பெரிய காரைப் போல 2 மடங்கு. உள்ளே இருப்பவருக்கு அடியும் அதற்கேற்ப. ரிங் ரோட்டில் லாரியின் பக்கத்தில் போகும் தாழ்வான கார், அந்த ஓட்டுநரின் கண்ணில் படாமலே போகவும் வாய்ப்பு உண்டு.

மறுபக்கமும் உண்டு. நல்ல டயர், பிரேக் உள்ள எடை குறைந்த கார் ஆபத்தைப் பார்த்து விலகுவதில் கில்லாடி. ஆனாலும், விலக முடியாமல் போகும் ஒரு நாளுக்காகத்தான் ஏர்பேக்கும் உறுதியான கூண்டும். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்சிஏபி சோதனையிலோ வெளிநாட்டுச் சோதனையிலோ கார் எத்தனை நட்சத்திரம் வாங்கியது என்று கேளுங்கள். சோதனைக்கே போகவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

விலை எங்கே போய் நிற்கும்?

இறக்குமதி என்றால் கணக்கு கசக்கும். 2018 முதல், ஐரோப்பா, ஜப்பான் போன்ற இடங்களில் ஒப்புதல் பெற்ற கார்களை ஒரு நிறுவனம் வருஷத்துக்கு 2,500 வரை இங்கே மறுபடி சோதிக்காமல் கொண்டுவரலாம். ஆனால் வரி இருக்கிறதே! 20 லட்சம் ரூபாய்க்குத் துறைமுகத்தில் இறங்கும் காருக்குச் சுங்கம் 70 சதவீதம் சேர்ந்தால் 34 லட்சம். அதன் மேல் 40 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 47 லட்சத்து 60 ஆயிரம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் சாலை வரி 20 சதவீதம். அதையும் சேர்த்தால் 57 லட்சத்தைத் தாண்டும். நிறுவனத்தின் லாபம், டீலர் கமிஷன், இன்சூரன்ஸ் எல்லாம் இதில் சேரவில்லை. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தம், குறிப்பிட்ட எண்ணிக்கை வரையிலான கார்களுக்கு இந்தச் சுங்கத்தைப் படிப்படியாக 10 சதவீதத்துக்கு இறக்க வழி செய்கிறது.

இங்கேயே தயாரித்தால் கதையே வேறு. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்குள், 1,200 சிசி பெட்ரோல் இன்ஜினுக்குள் இருக்கும் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் இந்த அளவுக்குள் தாராளமாக அடங்கும்.

அப்படி ஒரு கார் நெருங்கி வந்ததே!

ஆமாம். 2017 மார்ச்சில் ஜெனிவா கண்காட்சியில் டாடா மோட்டார்ஸ் காட்டிய ‘ரேஸ்மோ’தான் அது. இரண்டு சீட். இன்ஜின் நடுவில். 1.2 லிட்டர் டர்போ, 190 பிஎஸ். நீளம் 4 மீட்டருக்கும் குறைவு. 100 கி.மீ. வேகத்தை 6 நொடிக்குள் எட்டும் என்றார்கள். ஃபோர்ஸா ஹொரைசன் 3 வீடியோ கேமில்கூட வந்தது. சாலைக்குத்தான் வரவில்லை. திட்டம் ஓரம்கட்டப்பட்டது. அதற்கு முன்பு, 1990களின் கடைசியில் ஃபைபர் உடலும் 1.2 லிட்டர் ரெனோ இன்ஜினும் கொண்டு வந்த ‘சான் ஸ்டார்ம்’ சாலைக்கு வந்தும் பெரிய எண்ணிக்கையில் விற்கவில்லை.

இதில் தொழில்நுட்பம் குறுக்கே நிற்கவில்லை. கோவையில் எஸ்.கரிவரதன் 1980களின் கடைசியிலேயே மாருதி 800 காரின் 796 சிசி இன்ஜினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’ பந்தயக் கார்களை உருவாக்கிக் காட்டினார். பின்னாளில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான நாராயண் கார்த்திகேயன் அந்த வகைப் பந்தயத்தில்தான் தொடங்கினார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தளம் கரிவரதன் பெயரில்தான் இயங்குகிறது. தெரிந்த இன்ஜின், குறைந்த எடை, கட்டுப்படியாகும் செலவு என்ற சூத்திரம் நம் மாநிலத்துக்குப் புதுசு இல்லை.

தடுக்கி விழுந்தது எண்ணிக்கையில். அச்சு, சோதனை, ஒப்புதல் என்று ஆகும் செலவைப் பிரித்துப்போட ஆயிரக்கணக்கில் வாங்குவோர் வேண்டும். படத்தைப் பார்த்து ரசிப்பவர் பல லட்சம். குடும்பத்துக்கு ஒரே கார் என்று இருக்கும் வீட்டில், பின் சீட் இல்லாத காருக்குப் பணம் கட்டுபவர் சிலரே.

முன்பதிவுக்கு முன்

அடுத்த முறை இப்படி ஒரு கார் அறிவிக்கப்பட்டால், நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எரிபொருள் நிரப்பிய நிலையில் எடை எத்தனை கிலோ, கார் வராமல் போனால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், சர்வீஸ் மதுரையிலா, சென்னைக்கோ கோவைக்கோ ஏற்றி அனுப்ப வேண்டுமா, முன் பம்பர், கண்ணாடி, கூரைத்துணி ஆகியவற்றின் விலையும் காத்திருப்புக் காலமும் என்ன. இரண்டே சீட் என்பதால், வீட்டில் வேறு கார் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

விற்பனையாளர் காரில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போவார். எதையெல்லாம் எடுத்துவிட்டார்கள், ஏன் எடுத்தார்கள் என்று கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடிந்தால், அது நிஜமாகவே எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார். முடியாவிட்டால், ஸ்போர்ட்ஸ் காரின் சட்டை போட்ட இன்னொரு கார்.